பீப்பாய்த் தொழிற்சாலையில் ஒரு சனிக்கிழமை

ஈய எழுத்துக்களை வார்த்தெடுத்த யந்திரங்களின் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். கணினி வந்ததும் அந்த யந்திரங்கள் பழைய இரும்பாக விலைபோயின. அவை நின்ற கூடம் சில காலம் வெறுமையாகக் கிடந்தது. பின்னர் கழிவுக் காகிதம் அடுக்கும் இடமாயிற்று. கைகளில் ஈயம் படிய அங்கே ஆயுட்காலம் முழுவதும் உழைத்த மனிதர்களுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் இடையில் இருந்த உறவைப் பற்றி எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. நானும் அந்த வேளையில் பேசவில்லை. கைவிடப்பட்ட தொழிற்சாலைகளைப் பற்றி எங்கே வாசித்தாலும் அந்தக் கூடமே மனதில் வந்து நிற்கிறது.

மூடப்பட்ட தொழிற்சாலைகளைக் கலைக்கூடங்களாகவும் நாடக அரங்குகளாகவும் மாற்றுவது கடந்த அரை நூற்றாண்டில் உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1981இல் மூடப்பட்ட பாங்க்சைட் மின்நிலையம், 2000ஆம் ஆண்டில் டேற் மொடேர்ண் என்ற பெயரில் நவீன கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டடத்தின் அழகையே எழுதுகிறார்கள். அந்தக் கட்டடம் இறுதியில் யாருடையதாயிற்று, அதற்குள் நுழையக்கூடியவர் யார் என்ற கேள்விகள் பின்னால் தள்ளப்பட்டு விடுகின்றன. இந்தக் கேள்விகளுக்கு நான் அறிந்தவரையில் மிகத் தெளிவான விடை தந்த இடம் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் இருக்கிறது. பொம்பேயா என்ற பகுதியில், இரும்புப் பீப்பாய்கள் செய்த ஒரு தொழிற்சாலையின் கதை அது.

பொம்பேயா ஒரு காலத்தில் தொழிலாளர்களின் குடியிருப்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோப்பி வர்த்தகத்தால் செல்வம் கண்ட சாவோ பாவ்லோ, தென் அமெரிக்காவின் மிகப் பெரிய கைத்தொழில் நகரமாக வளர்ந்தது. புகையிரதப் பாதைகளை ஒட்டி ஆலைகள் எழுந்தன; ஆலைகளைச் சுற்றி இத்தாலியிலிருந்தும் ஏனைய நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களின் சிறு வீடுகள் எழுந்தன. அந்தச் சூழலில் 1938ஆம் ஆண்டில் ஜேர்மன் நிறுவனம் ஒன்று இங்கே பீப்பாய்த் தொழிற்சாலையை அமைத்தது. நடுவே ஒரு தெரு, அதன் இருமருங்கிலும் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட நீண்ட கூடங்கள் என்று ஆங்கிலேயத் தொழிற்சாலைகளின் பாணியில் அது அமைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் அது பிரேசில் கம்பனி ஒன்றின் கைக்கு மாறியது. பீப்பாய்களோடு, மண்ணெண்ணெயில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டிகளும் அங்கே தயாராகின. மின்சாரம் எட்டாத வீடுகள் நிறைந்திருந்த நாட்டில் அத்தகைய பெட்டிகளுக்குத் தேவை இருந்தது. பின்னர் உற்பத்தி அங்கிருந்து அகன்றது. 1971இல் அந்த நிலத்தையும் கட்டடங்களையும் செஸ்க் என்ற அமைப்பு வாங்கியது.

செஸ்க் என்பது வணிகத்துறை ஊழியர்களுக்கான சமூகசேவை நிறுவனம். 1946ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது. கடைகளும் வணிக நிலையங்களும் தமது ஊழியர்களின் மொத்தச் சம்பளத்தில் 1.5 சதவீதத்துக்குச் சமமான தொகையை இதற்குக் கட்டாயமாகச் செலுத்த வேண்டும். முதலாளிமாரின் கருணையினால் பிறந்த ஏற்பாடு என்று இதனைக் கருதிவிடக் கூடாது. போருக்குப் பின்னர் வேலைநிறுத்தங்களும் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கும் பெருகிய வேளையில், தொழிலாளருக்கும் முதலாளிக்கும் இடையே சமாதானம் காணும் நோக்கத்துடன் வணிகத் தலைவர்கள் ஒப்புக்கொண்ட ஏற்பாடே அது. நோக்கம் எதுவாயினும் விளைவு முக்கியமானது. அரசாங்கத்தின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்தையோ நுழைவுச் சீட்டு விற்பனையையோ மட்டும் நம்பியிராத, நிலையான வருவாய் கொண்ட ஓர் அமைப்பு அந்த நாட்டில் உருவாயிற்று. இதனை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

தொழிற்சாலையை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் ஒன்றை எழுப்புவதே செஸ்க் அமைப்பின் முதல் எண்ணம். ஆனால் அதற்கிடையில் அயலவர்கள் அங்கே நுழைந்துவிட்டார்கள். தற்காலிக ஏற்பாடாகச் சில விளையாட்டுகளும் நாடகங்களும் அந்தக் கூடங்களில் நடக்கத் தொடங்கின. இந்தக் கட்டத்திலேயே லினா போ பார்டி என்ற கட்டடக் கலைஞர் அழைக்கப்பட்டார்.

லினா 1914இல் ரோம் நகரில் பிறந்தவர். போரினால் சிதைந்த இத்தாலியை விட்டு 1946இல் கணவருடன் பிரேசிலுக்கு வந்து, 1951இல் அந்நாட்டுப் பிரஜையானார். 1968இல் திறக்கப்பட்ட சாவோ பாவ்லோ கலைக் காட்சியகத்தின் கட்டடம் அவருடைய வடிவமைப்பே. அதற்கு முன்னரே பாகியா மாநிலத்தின் சல்வடோர் நகரில், கடலோரத்திலிருந்த பழைய கட்டடத் தொகுதி ஒன்றை மீட்டெடுத்து 1963இல் மக்கள் கலைக்கான அருங்காட்சியகமாக்கியிருந்தார். வடகிழக்குப் பிரேசிலின் ஏழை மக்கள் அன்றாடம் செய்து பயன்படுத்திய மண்பாண்டங்கள், தகர விளக்குகள், மரப் பொருள்கள் என்பவற்றை அங்கே காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டிலேயே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அவருடைய பாகியாப் பணி முறிந்தது. அதே பொருள்களை 1965இல் ரோமில் காட்சிப்படுத்த ஏற்பாடாகியிருந்தபோது பிரேசில் அரசாங்கம் அதனையும் தடுத்துவிட்டது. ஏழைகளின் கைவினையை உலகத்துக்குக் காட்டுவது நாட்டின் வறுமையை உலகத்துக்குக் காட்டுவதாகும் என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள் போலும். அதன் பின்னர் பல ஆண்டுகள் அவருக்குப் பெரிய கட்டடப் பணிகள் கிடைக்கவில்லை. பொம்பேயா அழைப்பு வந்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது.

1976இல் அவர் அந்தத் தொழிற்சாலையை முதன்முதலாகச் சென்று பார்த்தார். அன்று அவர் கண்டது கட்டடத்தை. பிரெஞ்சுக்காரரான அன்பிக் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெறச் செய்த கொங்கிறீற் சட்டக முறையில் அமைந்த கூடங்கள் அவரை ஈர்த்தன. இவற்றை இடிக்கக் கூடாது என்று அவர் எண்ணினார். இரண்டாவது முறை சென்றது ஒரு சனிக்கிழமை. அன்று அவர் கண்டது மனிதர்களை. சிறுவர்கள் ஓடித் திரிந்தார்கள். உடைந்த கூரை வழியே மழைநீர் ஒழுகிக் கொண்டிருக்க, தேங்கிய தண்ணீரில் இளைஞர்கள் சிரித்தபடி உதைபந்து விளையாடினார்கள். தாய்மார் வாயிலருகே இறைச்சி வாட்டிக் கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பாவைக்கூத்து ஒன்று நடந்தது; அங்கே பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். இவையெல்லாம் இந்த மகிழ்ச்சியோடு இப்படியே தொடர வேண்டும் என்று அப்போது தமக்குத் தோன்றியதாக லினா பின்னர் எழுதினார். அதன் பின்னரும் பல சனி, ஞாயிறு நாள்களில் அங்கே சென்று, மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்து மனதில் பதித்துக் கொண்டதாகவும் அவர் கூறுகிறார்.

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்வது இந்தச் சனிக்கிழமைதான். கைவிடப்பட்டது என்று எல்லோரும் சொன்ன கட்டடம் உண்மையில் கைவிடப்பட்டிருக்கவில்லை. உரிமைப் பத்திரத்தில் பெயரில்லாதவர்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டிருந்தார்கள். லினாவின் வேலை புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து நிரப்புவதாக இருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த வாழ்வுக்கு ஒழுகாத கூரை போடுவதாகவே இருந்தது.

1977இல் பணி தொடங்கியது. மார்செலோ ஃபெராஸ், அந்திரே வைனர் என்ற இரு இளைஞர்கள் அவருக்குத் துணையாக இருந்தார்கள். லினா தமது அலுவலகத்தைக் கட்டட வேலை நடந்த இடத்திலேயே அமைத்துக் கொண்டார். கொத்தனாரோடும் தச்சரோடும் அங்கேயே பேசி, பார்த்து, தீர்மானித்தார். சுவர்களில் பூசியிருந்த சாந்து அகற்றப்பட்டுச் செங்கல் வெளியே தெரிந்தது. ஓடுகளும் சட்டங்களும் அப்படியே விடப்பட்டன. மிகப் பெரிய கூடத்தில் தடுப்புச் சுவர் எதுவும் எழுப்பப்படவில்லை. அதன் தரையில் ஆறு போல வளைந்து செல்லும் ஆழமற்ற நீர்நிலை ஒன்றும், ஒரு பக்கத்தில் பெரிய கணப்படுப்பும் அமைந்தன. தண்ணீரும் நெருப்பும் இருக்கும் இடத்தில் மனிதர்கள் தாமாகவே கூடுவார்கள் என்பது பழைய உண்மை. அதே கூடத்தில் கொங்கிறீற் மேடைகளின் மீது வாசிப்பதற்கான இடங்கள் அமைந்தன. அருகே வயதானவர்கள் சதுரங்கம் ஆடுவதற்கும் வெறுமனே உட்கார்ந்திருப்பதற்கும் இடம் இருந்தது. வேறு கூடங்களில் மட்பாண்டம், நெசவு, தச்சு, அச்சு, புகைப்படம் ஆகியவற்றுக்கான பட்டறைகள் உருவாகின. உணவுச்சாலையில் தனித்தனி மேசைகளுக்குப் பதிலாக, முன்பின் அறியாதவர்களும் பக்கத்தில் அமர்ந்து உண்ண வேண்டிய நீண்ட மேசைகள் போடப்பட்டன.

நாடக அரங்கின் இருக்கைகளைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. அவை மெத்தை இல்லாத வெறும் மர இருக்கைகள். பண்டைய கிரேக்க, ரோமானிய அரங்குகளில் மக்கள் கல்லில் அமர்ந்தே நாடகம் பார்த்தார்கள். மத்திய கால நாடகங்களை வீதியில் நின்றபடி பார்த்தார்கள். மெத்தை இருக்கை பிற்காலத்து அரசவை அரங்குகளோடு வந்த பழக்கம் என்று லினா விடையிறுத்தார். பார்வையாளன் சொகுசாகச் சாய்ந்து தூங்கிவிடக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். அந்தக் கடினமான இருக்கையில் மூன்று மணி நேரம் அமர்ந்தவர்கள் இந்த வாதத்தை எவ்வளவு தூரம் ஏற்றுக்கொண்டார்கள் என்பது வேறு விடயம்.

பெயரைப் பற்றியும் அவர் மிகுந்த கவனம் கொண்டிருந்தார். ‘கலாசார மையம்’ என்ற சொல்லை அவர் விரும்பவில்லை. கலாசாரம் என்ற பாரமான சொல்லைக் கேட்டதும் சாதாரண மனிதர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள், அல்லது கட்டளைக்குக் கட்டுப்பட்டுக் கலாசாரம் படைக்க வேண்டும் என்று எண்ணுவார்கள் என்பது அவர் கருத்து. ஓய்வு நேர மையம் என்ற எளிய பெயரே போதும் என்றார். ‘தொழிற்சாலை’ என்ற சொல்லும் விடப்படவில்லை. செஸ்க் பொம்பேயாத் தொழிற்சாலை என்றே அது அறியப்பட்டது. நம்மவர்கள் நடத்தும் மண்டபங்களின் பெயர்ப்பலகைகளை நினைத்துப் பார்த்தால் இந்தக் கவனத்தின் அருமை விளங்கும்.

புதுப்பிக்கப்பட்ட தொழிற்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அடுத்து விளையாட்டுக்கான கட்டடம் எழ வேண்டியிருந்தது. ஆனால் எஞ்சியிருந்த நிலத்தின் நடுவே, நிலத்தடிக் கால்வாயாக மூடப்பட்ட ஓடை ஒன்று சென்றது. அதன் மீது கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே ஓடையின் இருபுறமும் இரண்டு கொங்கிறீற் கோபுரங்கள் எழுந்தன. ஒன்றில் நீச்சல் தடாகமும் அதற்கு மேல் அடுக்கடுக்காக விளையாட்டுக் கூடங்களும் அமைந்தன. மற்றையதில் உடை மாற்றும் அறைகளும் படிக்கட்டுகளும். இரண்டையும் இணைத்து ஆகாயத்தில் எட்டு நடைபாலங்கள். விளையாட்டுக் கூடங்களின் சுவர்களில் கண்ணாடிச் சன்னல்கள் இல்லை. குகை வாயில்கள் போன்ற ஒழுங்கற்ற துவாரங்களே காற்றையும் ஒளியையும் தந்தன. பக்கத்தில் ஆலைப் புகைபோக்கியை நினைவூட்டும் 70 மீற்றர் உயர நீர்த்தாங்கி நின்றது. ஓடைக்கு மேலிருந்த நீண்ட வெளியில் மரப்பலகைகள் பரப்பப்பட்டன. கடற்கரை இல்லாத நகரத்து மக்கள் அங்கே வெயிலில் படுத்துக் கிடந்து அதனையே தமது கடற்கரையாக்கிக் கொண்டார்கள். 1986இல் இந்தப் பகுதியும் நிறைவுற்றது.

இந்த ஆண்டுகளை நாட்டின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரேசிலில் இராணுவ ஆட்சி 1964 முதல் 1985 வரை நீடித்தது. தொழிற்சாலையில் வேலை தொடங்கிய மறு ஆண்டு, 1978இல், சாவோ பாவ்லோவின் புறநகர்களில் உலோகத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1979இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. நாடு கடந்து வாழ்ந்தவர்கள் திரும்பினார்கள். மக்கள் கூடுவதையே ஐயத்துடன் பார்த்த ஓர் ஆட்சியின் இறுதி ஆண்டுகளில், தெருவிலிருந்து எவரும் உள்ளே நடந்து வரக்கூடிய ஓர் இடம் திறந்தது. உள்ளே செல்ல நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. ஏன் வந்தாய் என்று கேட்பாரும் இல்லை. சுதந்திரமாக ஓர் இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை அத்தகைய காலங்களைக் கண்டவர்கள் அறிவார்கள்.

மற்றைய இடங்களில் என்ன நடந்தது? நியூயோர்க் நகரின் சோஹோ பகுதியில் கைத்தொழில்கள் விட்டுச் சென்ற மாடிகளில் 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். 1971இல் அவர்களது குடியிருப்பை நகர நிர்வாகம் சட்டபூர்வமாக்கியது. கலைஞர்கள் வந்ததால் அந்த இடத்துக்குக் கவர்ச்சி வந்தது. கவர்ச்சி வந்ததால் வாடகை ஏறியது. வாடகை ஏறியதும் அவர்களிற் பலர் வெளியேற நேர்ந்தது. பின்னர் அங்கே வந்தவை விலையுயர்ந்த ஆடைக் கடைகள். பெய்ஜிங்கில் கிழக்கு ஜேர்மனியின் உதவியுடன் 1950களில் அமைக்கப்பட்ட மின்னணுவியல் தொழிற்சாலைத் தொகுதியில் 1990களின் நடுப்பகுதி முதல் கலைஞர்கள் இடம்பிடித்தார்கள். 798 என்ற எண்ணால் உலகம் அதனை அறிந்தது. இடிக்கப்படும் ஆபத்திலிருந்து அது தப்பியது. ஆனால் வாடகையிலிருந்து அதன் முன்னோடிகளிற் பலர் தப்பவில்லை.

பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் கதை வேறு திசையில் சென்றது. அங்கே நொக்கியா நிறுவனத்தின் கேபிள் தொழிற்சாலை 1980களின் இறுதியில் கைவிடப்பட்டபோது, குறைந்த வாடகைக்குக் கலைஞர்கள் தற்காலிகமாக உள்ளே வந்தார்கள். கட்டடத்தைப் பிரித்து வேறு தேவைகளுக்கு ஒதுக்கும் திட்டம் வெளியானதும் அவர்கள் சங்கம் அமைத்து, தமது மாற்றுத் திட்டத்தை முன்வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நகர சபை அதனை ஏற்றது. கட்டடம் நகருக்குச் சொந்தமான ஒரு கம்பனியின் பொறுப்பில் வைக்கப்பட்டது. வாடகைப் பணம் கட்டடப் பராமரிப்புக்கே சென்றது. குடியிருந்தவர்கள் குடியிருந்தார்கள்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவாவது ஒன்றே. ஒரு கட்டடத்தை இடிக்காமல் காப்பது முதற் படி மட்டுமே. நிலத்தின் உரிமை யாரிடம், மாதாமாதம் செலவைக் கொடுப்பது யார் என்பவையே அங்கு வருபவர்கள் நிலைப்பார்களா என்பதைத் தீர்மானிக்கின்றன. பொம்பேயா நிலைத்ததற்கு லினாவின் திறமை ஒரு காரணம். சாவோ பாவ்லோவின் ஒவ்வொரு கடையின் சம்பளப் பட்டியலிலிருந்தும் வந்த அந்த 1.5 சதவீதம் மற்றொரு காரணம். கட்டடக்கலை நூல்கள் முதலாவதைப் படங்களோடு விரித்து எழுதும். இரண்டாவதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

அந்த வருவாய் நிரந்தர வரமும் அல்ல. 2018 இறுதியில், அடுத்த அரசாங்கத்தின் பொருளாதார அமைச்சராகப் பொறுப்பேற்கவிருந்தவர் இத்தகைய நிதிகளைப் பெருமளவு வெட்டப்போவதாகப் பகிரங்கமாகக் கூறினார். 2020இல் பெருந்தொற்றைக் காரணம் காட்டி இந்த அறவீடு சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டது. 2015இல் தேசிய மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால் சுவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. உள்ளே நடக்கும் வாழ்வுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. சுற்றியிருந்த தொழிலாளர் வீடுகள் பலவற்றின் இடத்தில் இன்று உயர்ந்த அடுக்குமாடிகள் நிற்கின்றன. தொழிற்சாலையின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்தாலும், அதற்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் வாழ எல்லோராலும் முடிவதில்லை.

இன்னொரு குறையையும் நான் சொல்ல வேண்டும். பொம்பேயாவைப் பற்றி நான் வாசித்த கட்டுரைகள் எல்லாவற்றிலும் லினாவின் பெயர் இருக்கிறது. கட்டடச் சட்டகத்தின் முன்னோடியான பிரெஞ்சுக்காரரின் பெயர்கூட இருக்கிறது. அங்கே பீப்பாய்த் தகடுகளை வளைத்தவர்களில், குளிர்சாதனப் பெட்டிகளைப் பொருத்தியவர்களில் ஒருவருடைய பெயரையேனும் நான் காணவில்லை. தொழிலாளர்களின் உழைப்புக்கு மரியாதையாகவே ‘தொழிற்சாலை’ என்ற சொல்லை லினா காத்தார் என்று சொல்லலாம். ஆயினும் ஒரு சொல் மனிதர்களின் பெயர்ப் பட்டியலுக்கு ஈடாகாது. அந்தப் பட்டியலைத் தேட வேண்டியது கட்டடக் கலைஞரின் கடமை அல்ல. அது என் போன்ற பத்திரிகையாளர்களின் கடமை. என் கண்முன்னே வெறுமையான அச்சகக் கூடத்தின் விடயத்திலேயே நான் அதனைச் செய்யவில்லை என்பதால், பிறரைக் குறைகூற எனக்குத் தகுதி குறைவு.

லினா போ பார்டி 1992இல் காலமானார். அவர் பொம்பேயாவில் செய்த முதல் வேலை, வரைபடத்தை எடுத்து வைத்துவிட்டு, அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மீண்டும் ஒரு முறை போனதுதான். பூட்டிக் கிடக்கும் ஆலையையோ அரவைக் கூடத்தையோ களஞ்சியத்தையோ ‘பயனுள்ளதாக’ மாற்றப் புறப்படும் எவரும் முதலில் அதனைச் செய்யலாம். வேலை நாளில் ஒரு முறையும், சனிக்கிழமையன்று ஒரு முறையும் போய்ப் பார்க்கலாம். மதிலின் உடைந்த இடத்தால் சில சிறுவர்கள் பந்தோடு ஏற்கெனவே உள்ளே போயிருக்கக் கூடும்.